வண்டியோடு நான்கு பேர்

இன்னொரு சுற்று போய்விட்டு வந்துவிடுவார்களாம், அதுவரை நான் இங்கேயே இருக்க வேண்டுமாம், சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா அந்தத் தனி வழியில் பாதி தூரம் போய்விட்டார், ஈரச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க அவர் ஓடுவதைப் பார்த்தால் அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிற ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருக்குப் பின்னால் அவர் மகள் ஷெர்லின், அவளுக்குப் பின்னால் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி சித்தி, கடைசியாக அம்மா. அம்மா மட்டும் நின்றாள். "நான் வேணா இவகூட இருக்கட்டா?" என்று கேட்டாள், என்னிடம் இல்லை, சித்தியிடம். "நீங்க வாங்கக்கா, அவ என்ன கைப்பிள்ளையா? வண்டில ராணி மாதிரி இருக்கா" என்று சித்தி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள், நானும் போங்கம்மா என்று தலையசைத்தேன். தலையசைப்பதில் நான் கெட்டிக்காரி, வாய் திறக்காமலே பாதி நாளை ஓட்டிவிடுவேன். இப்போது நானும் வண்டியும் சாமான்களும் மட்டும் தண்ணீரில் சறுக்கும் படகு விளையாட்டின் வாசலுக்கு எதிரே, நிழல் என்று சித்தப்பா காட்டிய இடத்தில், அது ஒரு பிளாஸ்டிக் தென்னை மரத்தின் நிழல். தாவரவியல் படித்தவளுக்கு இதைவிட அவமானம் வேண்டாம், குலையில் காய் ஆரஞ்சு நிறம், ஓலைக்கு நடுநரம்பே இல்லை, அடிமரத்தில் இரண்டு திருகாணி. ஆனாலும் நிழல் விழத்தான் செய்கிறது. வண்டியின் முன்கூடையில் புளியோதரை டப்பா, தண்ணீர் பாட்டில்கள், நான்கு பேர் கைபேசிகளையும் திணித்துக்கொண்ட சித்தியின் கைப்பை. கைப்பிடியில் ஈரத்துண்டு. படகில் செருப்போடு ஏறக் கூடாது என்று போர்டு போட்டிருக்கிறது, அதனால் நான்கு பேரின் செருப்பையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு இருக்கைக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் சித்தப்பா. "நீ சும்மாதானட்டி இருக்க" என்றார். சும்மாதான் இருக்கிறேன். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

இந்த வண்டியைப் பற்றி முதலில் அவருக்கு அவ்வளவு கோபம். குதூகலபுரி என்று பெயர் வைத்த இந்த விளையாட்டுப் பூங்கா ஓர் ஊர் அளவுக்குப் பெரியது, என்னால் நடக்க முடியாது, வாடகைக்கு மின்வண்டி இருக்கிறதா என்று நான்தான் வீட்டிலிருந்து போன் செய்து கேட்டேன். கேட்கப்போகும் வாக்கியத்தை மொட்டைமாடியில் நின்று பலமுறை சொல்லிப்பார்த்துவிட்டுத்தான் பேசினேன். எதிர்முனையில் இருந்தவர் பெரியவருக்கு என்ன வயசு மேடம் என்று கேட்டார், இருபத்து நாலு என்றேன், அவர் வயதை இன்னொரு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். நேற்று காலை வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போனது. "எதுக்குட்டி இது? பாக்கவன் என்ன நெனப்பான்? மெதுவா நடந்து, அங்கங்க உக்காந்து வந்தா போதாதா?" மூன்று சக்கரம், சைக்கிள் போலக் கைப்பிடி, வலது கட்டைவிரலால் அழுத்தினால் முன்னே போகும், இடது கட்டைவிரலால் அழுத்தினால் பின்னே, நடுவில் ஒரு குமிழ், அதன் ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். நான் ஏறி உட்கார்ந்து குமிழை ஆமைக்கும் முயலுக்கும் நடுவில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். முதல் வளைவிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. யாரும் சொல்லித்தராத ஒன்று கைக்குப் பிடிபடும்போது வரும் அந்தச் சின்ன கர்வத்தை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சித்தப்பா பத்தடி தள்ளியே நடந்தார், யாரோ எவரோ போல. முதல் விளையாட்டுக்குப் போகும்வரைதான் அப்படி. அங்கே வரிசை வளைந்து வளைந்து கிடந்தது, பக்கத்தில் ஒரு போர்டு, சக்கர நாற்காலியிலும் மின்வண்டியிலும் வருவோருக்குத் தனி வழி, வண்டியோடு நான்கு பேர். சித்தப்பா அதை வாய்விட்டுப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு எங்களை எண்ணிப் பார்த்தார், என்னைத் தவிர சரியாக நான்கு பேர், அப்பா மஸ்கட்டிலிருந்து வர முடியாமல் போனதுகூட ஏதோ ஏற்பாடு என்பதுபோல அவர் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு அமைச்சர் காருக்கு முன்னால் போகும் போலீஸ் ஜீப் மாதிரி எனக்கு முன்னால் அவர்தான். "நகருங்க, நகருங்க, பேஷண்ட் வாராங்க." ஒவ்வொரு வாசலிலும் நான் பேஷண்ட். உள்ளே விட்டதும், "பிள்ளைக்குத் தல சுத்தும் சார், அவ வெளிய இருப்பா, நாங்க மட்டும் போயிட்டு வந்துருதோம்." அந்தப் பையன்கள் பாவம், போர்டில் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் இல்லை, விட்டுவிடுவார்கள். இரண்டு நாளில் இவர்கள் ஏறாத விளையாட்டு இல்லை. நான் ஏறிய விளையாட்டும் இல்லை.

அதோ படகு மேலே ஏறுகிறது. சங்கிலி கடகடவென்று இழுக்கும் சத்தம், பிறகு உச்சியில் ஒரு நிசப்தம், பிறகு சித்தியின் "ஏசப்பா!", எத்தனை பேர் கத்தினாலும் அது மட்டும் தனியாகக் கேட்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட இவ்வளவு மனதுருகி அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதற்குப் பின்னால் அம்மாவின் சிரிப்பு. அம்மா இப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, தொண்டையிலிருந்து உருண்டு வரும் சிரிப்பு, கேட்கும்போது நானும் சிரித்துவிட்டேன், அம்மா மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் பழசு. கல்லூரியில் கடைசி வருடம் ஆய்வகம் இரண்டாம் மாடியில், காலையில் ஏறிவிடுவேன், மத்தியானம் அதே படி மலையாக நிற்கும், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் எங்கெல்லாம் உட்காரலாம் என்பது எனக்கு மனப்பாடம், இரும்புக்கடைப் படி, டிரான்ஸ்பார்மருக்குக் கீழே கிடக்கும் கல், அதற்கப்புறம் வீடுவரை எதுவும் கிடையாது. "வயசுப் பிள்ளைக்கு என்னட்டி அசதி?" என்பாள் அம்மா. மறுநாள் காலை நான் சுறுசுறுப்பாக வாசல் தெளித்துக் கோலம் போடுவேன், அதைக் காட்டி, "பாத்தியா, ஒண்ணுமில்ல, எல்லாம் நெனப்புதான்" என்பாள். மூளை சொல்வதை நரம்பு ஒழுங்காகத்தான் கொண்டுபோகிறது, தசையின் வாசலில் கதவு திறப்பதில்தான் கோளாறு, முதலில் திறக்கும், தட்டத் தட்டக் களைத்துப்போகும், கொஞ்சம் விட்டுவிட்டுத் தட்டினால் மறுபடி திறக்கும், டாக்டர் இப்படித்தான் விளக்கினார், அது வெகுநாள் கழித்து. அதற்கு முன்னால் ஒரு சாயங்கால ஜெபத்தில் என் இமை இரண்டும் தானாக இறங்கிவிட்டன, நான் தூங்குகிறேன் என்று நினைத்து அம்மா தொடையில் கிள்ளினாள். வலித்தது. கண்ணைத் திறக்க நினைத்தேன், திறக்கவில்லை. மறுபடி கிள்ளினாள், நான் "அம்மா, தொறக்க முடியல" என்றேன், கிள்ளிய விரல் அப்படியே நின்றது இப்போதும் தொடையில் இருக்கிறது. அன்றிலிருந்து அம்மா என்னை நம்புகிறாள். இந்த வண்டியைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், அதற்கு ஒரு மீட்டர் இருக்கிறது, பச்சைக் கோடுகள் குறையக் குறைய எல்லாரும் நம்பிவிடுவார்கள், நேற்று ஒரு கோடு குறைந்ததும், "வண்டிக்கு சார்ஜ் எறங்குது, கொஞ்சம் ஓரமா நிறுத்தி ஆற விடு" என்றார் சித்தப்பா. என் நெற்றியில் அப்படி நாலு பச்சைக் கோடு இருந்திருந்தால்.

இப்போது எனக்குக் கோடுகள் நிறைய இருக்கின்றன. சாப்பாட்டுக்கு முன்னால் போட்ட மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, கைவிரலை மடக்கி விரித்துப் பார்த்தேன், கழுத்து நிமிர்ந்து நிற்கிறது, இமை மேலேயே இருக்கிறது. நான் கணக்கு வைத்துத்தான் போட்டேன். ராட்டினத்துக்காக. இந்தப் பூங்காவின் கடல் பக்கத்து மூலையில் நிற்கிற பெரிய ராட்டினம், இங்கிருந்து பார்த்தாலும் அதன் மேல்பாதி தெரிகிறது, கண்ணாடிக் கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலை வாங்கித் திருப்பி அடிக்கின்றன, அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது, பார்க்கிறவர்களுக்கு நிற்பதுபோல. ஷெர்லினுக்கு அது போர். "அதுல என்னக்கா இருக்கு, சும்மா உக்காந்துட்டு வரணும்." சும்மா உட்கார்ந்துகொண்டு மேலே போக வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். இரண்டு வருடமாக எனக்கு எல்லா இடமும் தூரம்தான், கடை என்றால் கடை இல்லை, எவ்வளவு தூரம், கல்யாண வீடு என்றால் பந்திக்கும் மேடைக்கும் நடுவில் எவ்வளவு தூரம், வேலைக்கு விண்ணப்பம் போட்டால் நேர்முகத் தேர்வு எத்தனையாவது மாடி. ஒரே ஒரு தடவை மேலே இருந்து பார்க்க வேண்டும், வாசலும் சாப்பாட்டுக் கூடமும் கழிப்பறையும் ஒரு கட்டைவிரலுக்குள் அடங்கிப்போய்விடுகிற உயரத்திலிருந்து. யாரிடமும் இப்படிச் சொல்லவில்லை, ராட்டினத்துக்குப் போவோமா என்று மட்டும்தான் கேட்டேன், கேட்டதே எனக்குப் பெரிய காரியம். "போவோம்டி, அது எங்க ஓடியா போவுது, கடைசில போவோம்" என்றார் சித்தப்பா. நேற்று கடைசியில் போனபோது கடல்காற்று ஏறிவிட்டது, சாயங்காலம் காற்று அதிகமானால் நிறுத்திவிடுவார்களாம், கூண்டுகள் எல்லாம் அப்படியப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த நாளைதான் இது. பொழுது சாய ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். பிளாஸ்டிக் தென்னைக்குப் பின்னால் யாரோ பிழைத்துப்போகட்டும் என்று விட்டுவைத்த ஒரு நிஜப் பூவரசு இருக்கிறது, அதன் இலைகளைத்தான் கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், போன சுற்றில் அசையாமல் இருந்தவை இப்போது ஓரத்தில் லேசாகப் புரள ஆரம்பித்திருக்கின்றன. காற்று வரப்போகிறது.

இவர்கள் வந்து, ஈரம் பிழிந்து, மிச்சப் புளியோதரையைத் திறந்து, ஷெர்லின் இன்னொரு சுற்று என்று சொல்லி, சித்தப்பா சரி என்று சொல்லி. நான் தலையசைத்து. ஏன் தலையசைக்க வேண்டும்? சாவி என் மணிக்கட்டில் ஒரு நூலில் தொங்குகிறது. சாவி என்னிடம்தானே இருக்கிறது என்று நேற்றிலிருந்து ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. வண்டியை ஓட்டிக்கொண்டு நான் போகலாம். போகலாம்தான். போய்ச் சேர்ந்ததும் என்ன? ராட்டினத்தில் வண்டியை ஏற்ற முடியாது, நேற்றே பார்த்துவைத்திருக்கிறேன், சரிவுப் பாதை மேடைவரை போகிறது, அங்கே வண்டியை விட்டுவிட்டுக் கூண்டுவரை நடக்க வேண்டும், அந்தத் தூரம் எனக்கு ஒன்றுமே இல்லை, மாத்திரை போட்ட காலுக்கு அது கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகிற தூரம். நடக்க முடியாதது பிரச்சினை இல்லை. நடப்பதுதான் பிரச்சினை. எழுந்தால் பார்ப்பார்கள். காலையில் தண்ணீர் பாட்டில் கூடையிலிருந்து உருண்டு விழுந்தது, எழுந்துபோய் எடுத்தேன், அவ்வளவுதான், வரிசையில் நின்ற மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் கணவரை முழங்கையால் இடித்தாள், இடித்துவிட்டு என் கால்களைப் பார்த்தாள், முகத்தை இல்லை, கால்களை, கால் பொய் சொல்லிவிட்டதுபோல. நான் அவசரமாக உட்கார்ந்துகொண்டேன், உட்காரும்போது கொஞ்சம் நொண்டினேன்கூட. எனக்கு நொண்டலே கிடையாது. யாரோ ஒரு பெண்ணுக்காக இல்லாத நொண்டலை நொண்டினேன். நாள் முழுக்க அதுதான் உள்ளே உறுத்திக்கொண்டிருக்கிறது, செருப்புக்குள் சிக்கிய மணல்போல. உட்கார்ந்திருப்பதில் எனக்கு வெட்கமில்லை, நேற்றே போய்விட்டது, வண்டியில் நான் யாரையும் இடிக்காமல் எவ்வளவு குறுகலான சந்திலும் நுழைந்து வெளியே வருகிறேன், எழுந்து நிற்பதில்தான் வெட்கம். எழுந்தால் பார்ப்பார்கள். முழுக்க நடக்க முடியாதவளாக இருந்தால் பாவம் என்பார்கள், முழுக்க நடப்பவளாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நடுவில் இருப்பவளுக்கு ஒரு சொல் கிடையாது, நடுவில் இருப்பவள் நடிக்கிறாள். எழுந்தால். சரி, எழுந்தால்தான் என்ன? பூவரச இலை ஒன்று முழுதாகத் திரும்பித் தன் வெளிர்ப் பக்கத்தைக் காட்டியது.

சாவியைத் திருகினேன். படகு வாசலில் தொப்பியை முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்த காவலாளியிடம் போய், மொட்டைமாடி எதுவும் இல்லாமல், சொல்லிப்பார்க்காமல், "அண்ணே, எங்க வீட்டு ஆள்கள் வந்தாங்கன்னா ராட்டினத்துக்கு வரச் சொல்லுங்க, செவப்புச் சட்டை போட்டவரு எங்க சித்தப்பா" என்றேன். "தனியா போறியாம்மா?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். இவ்வளவுதானா. குமிழை முயல் பக்கம் திருப்பினேன், முழுக்க. இரண்டு நாளாக யாரோ ஒருவரின் நடைக்குத் தகுந்தபடி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், சித்தி நின்றால் நின்று, ஷெர்லின் போட்டோ எடுத்தால் காத்திருந்து, இப்போதுதான் இதன் வேகம் தெரிகிறது, ஓடுகிற ஆளைவிடக் குறைவுதான், ஆனால் முகத்தில் காற்று படுகிறது, நான் உண்டாக்கிய காற்று. தரையில் பதித்த சிவப்பு மஞ்சள் சிமெண்டு வட்டங்கள் சக்கரத்துக்கு அடியில் தடதடவென்று ஓடுகின்றன, வெயிலில் காய்ந்து அவற்றிலிருந்து ஒரு வாடை எழும்புகிறது, இஸ்திரி போட்ட துணியின் வாடை. ஒரு குடும்பம் பாதையை அடைத்துக்கொண்டு நின்று பஞ்சுமிட்டாய் தின்றது. நேற்று இப்படி யாராவது நின்றால் அவர்களாகத் திரும்பிப் பார்க்கும்வரை பின்னால் காத்திருப்பேன், சித்தப்பா வந்து கத்துவார். கைப்பிடிக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினேன், பீப் என்றது, கோழிக்குஞ்சுக் குரல், எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் அவர்கள் சட்டென்று விலகி வழிவிட்டார்கள், ஒரு தாத்தா, "போங்க, போங்க" என்று கையைக்கூட ஆட்டினார். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்து இன்னொரு தடவை அழுத்தினேன். முன்னால் யாருமே இல்லை. சும்மா.

ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனால் அது ரொம்பப் பெரியது, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், என் கழுத்தை அப்படிச் செலவழிக்க வேண்டாம் என்று பார்வையை இறக்கினேன், இறக்கிய இடத்தில் மஞ்சள் சுடிதார். வளைந்து கிடந்த வரிசையின் நடுவில், மேடையை ஒட்டி, அதே முழங்கை, அதே கணவர், தோளில் தூங்கும் ஒரு குழந்தை. திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. வண்டி அதற்குள் சரிவுப் பாதையில் ஏறிவிட்டது, கட்டைவிரல் அழுத்திக்கொண்டேதான் இருந்தது, கட்டைவிரல் என்னைவிடத் தைரியம். மேடையில் விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்த பெண் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கூட வர்றவங்க எங்கக்கா? நாலு பேர் வரலாம்." "யாரும் இல்ல. நான் மட்டும்தான்." "தனியாவா?" "தனியா." அவள் விசிலை ஊதினாள், சக்கரம் நின்றது, எனக்காக, கூண்டின் கதவு திறந்து காத்திருந்தது. சாவியை எடுத்து நூலை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். எழுந்தேன். வரிசை முழுவதும் பார்த்தது, பார்ப்பது என் கழுத்திலும் முதுகிலும் தெரிந்தது. நொண்டிவிடாதே என்று காலுக்குச் சொன்னேன், அவசரப்படாதே என்றும் சொன்னேன், எப்படி நடப்பேனோ அப்படி. முதல் அடி. தரை உறுதியாக இருந்தது. இரண்டு அடி வைத்திருப்பேன், அந்தக் குரல் வந்தது, கணவருக்குச் சொல்வதுபோல ஊருக்கே சொல்கிற குரல். "பாத்தீங்களா? நல்லாத்தான் நடக்குது. வண்டி எதுக்காம்?" நான் நின்றேன். இந்த இடத்தில் நான் எப்போதும் கேட்காத மாதிரி போய்விடுவேன், ராத்திரி படுத்துக்கொண்டு பதில் யோசிப்பேன், நல்ல நல்ல பதில்களாக வரும், விடிந்ததும் யாருக்கும் உதவாது. திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்தேன், களைத்த முகம், வியர்வையில் பொட்டு நகர்ந்திருந்தது, எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "நடப்பேங்க" என்றேன். என் குரல் அந்தக் கோழிக்குஞ்சு ஹாரனைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஆனாலும் வெளியே வந்துவிட்டது. "கொஞ்ச தூரம்தான் வரும். அந்தக் கொஞ்சத்த இதுக்குன்னு வச்சிருந்தேன்." "ஐயோ, நான் உங்கள சொல்லலைங்க" என்றாள் அவள். "பரவாயில்லைங்க" என்றேன், நிஜமாகவே பரவாயில்லாமல்தான் இருந்தது. மிச்சமிருந்த தூரத்தை நடந்து கூண்டில் ஏறி உட்கார்ந்தேன். கதவு மூடியது.

தரை என்னை விட்டு இறங்கிப்போனது. இப்படித்தான் தோன்றியது, நான் ஏறியதாக இல்லை. முதலில் மேடை, பிறகு வரிசையில் நிற்பவர்களின் தலைகள், பிறகு கொடிக்கம்பம், பிறகு பிளாஸ்டிக் மரங்களின் உச்சி, மேலேயிருந்து பார்த்தால் அவையும் மரங்கள்தான். மதிலுக்கு அப்பால் சவுக்குத்தோப்பு, அதன் ஓரமாகத் தாழம்புதர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அதற்கும் அப்பால் கடல், பளபளவென்று எந்த வேலையும் இல்லாமல். ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டினேன். வாசல் மறைந்தது, சாப்பாட்டுக் கூடம் மறைந்தது, காலையிலிருந்து நான் ஓட்டிய பாதை எல்லாம் நகத்துக்குள் அடங்கிப்போனது. இவ்வளவுதானா தூரம் என்று வாய்விட்டுச் சொன்னேன், கூண்டில் யாரும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உச்சிக்கு வந்தபோது கூண்டு காற்றில் லேசாக ஆடியது, பயந்தேன், பயம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. அப்போதுதான் படகு வாசலைப் பார்த்தேன். சிவப்புச் சட்டை. நான்கு பேரும் வெளியே வந்துவிட்டார்கள், காவலாளி கையை நீட்டி ராட்டினத்தைக் காட்டுகிறார், சித்தப்பா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்க்கிறார், பிறகு விறுவிறுவென்று ஈரத்தரையைத் தாண்டி வெயிலில் கால் வைத்தார், வைத்தவர் துள்ளிக் குதித்து நிழலுக்கே திரும்பி ஓடினார். என்ன செய்கிறார் இவர்? இன்னொரு தடவை வந்தார், இன்னொரு தடவை துள்ளினார். ஐயோ. செருப்பு. இருக்கைக்குப் பின்னால், ஜவுளிக்கடைப் பையில், நான்கு பேர் செருப்பும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், போன் செய்து சொல்லலாம் என்று என் கைபேசியை எடுத்துவிட்டு, நான்கு பேர் போனும் என் வண்டிக் கூடையில்தான் என்று ஞாபகம் வந்ததும் பொத்திய கையையும் எடுத்துவிட்டேன். சித்தப்பா குதிகாலில் ஓடி பிளாஸ்டிக் தென்னையின் நிழலில் போய் நின்றார், பிறகு ஷெர்லின், இருவரும் அங்கே ஒற்றைக் காலில் நின்று அடுத்த நிழலைத் தேடினார்கள், ஐஸ்கிரீம் வண்டியின் குடை, அதற்கு ஒரு ஓட்டம், அங்கே ஒரு நிற்பு, பிறகு குப்பைத்தொட்டியின் நிழல், அதில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. சித்தி ஈரச்சேலைத் தலைப்பைக் கீழே போட்டு அதன்மேல் நின்றாள். அம்மா மட்டும் ஓடவில்லை. ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்து காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள், அடுத்த பெஞ்சு எங்கே இருக்கிறது என்று பார்த்தாள், நடுவில் கிடக்கும் வெயிலைப் பார்த்தாள், மறுபடி பெஞ்சைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. இவ்வளவு உயரத்திலிருந்து முகம் எதுவும் தெரியவில்லை, ஆனால் அந்தத் தலை திரும்புகிற விதம், உட்கார்ந்த இடத்திலிருந்து அடுத்து உட்காரப்போகும் இடத்தை அளக்கிற அந்த அசைவு, இரும்புக்கடைப் படியில் உட்கார்ந்து நான் டிரான்ஸ்பார்மர் கல்லைப் பார்ப்பது அப்படித்தான் இருந்திருக்கும். அம்மா எழுந்தாள், புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், நடந்தாள்.

கூண்டு கீழே வந்தபோது சித்தப்பா என் வண்டியில் உட்கார்ந்திருந்தார், இரண்டு காலையும் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு. பின்னால் இரண்டு அங்குலத்தில் தொங்கிய பை அவர் கண்ணில் படவில்லை. "ஏட்டி! சாவி எங்கட்டி? சொல்லாம கொள்ளாம வண்டிய எடுத்துட்டு வந்துருக்க!" நான் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். "செருப்பு எல்லாம் எங்கட்டி?" "சீட்டுக்குப் பின்னால சித்தப்பா." அவர் திரும்பிப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நல்லா இருப்பட்டி நீ" என்றார், திட்டா வாழ்த்தா என்று அவருக்கே தெரியாத குரலில். ஷெர்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள், சித்தி பாதத்தைத் தூக்கி ஊதிக்கொண்டிருந்தாள். அம்மா கடைசியாக மேடைக்கு வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கியது. பையைக் கேட்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை, திறந்த கூண்டுக்குள் என்னையே பார்த்து நின்றாள். "எம்மா" என்றாள், "எவ்ளோ தூரம்ட்டி இது!" விசில்காரப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு, "எறங்குறீங்களாக்கா, இன்னொரு சுத்தா? காத்து ஏறுது, இதுதான் கடைசியா இருக்கும்" என்றாள். என் காலைக் கேட்டேன், இருக்கிறது என்றது. இமையைக் கேட்டேன். "இன்னொரு சுத்து" என்றேன். "அம்மா, ஏறுங்க. நாலு பேர் வரலாம்." அம்மா வெறும் பாதத்தைக் கூண்டுக்குள் வைத்தாள், ஷெர்லின் போர் என்று சொல்லாமல் பின்னாலேயே தாவினாள், "ஏசப்பா" என்றபடி சித்தியும். சித்தப்பா எழப்போனார், அவசரத்தில் செருப்புப் பையை மறந்து காலை ஊன்றிப் பார்த்தார், சிமெண்டு மேடை இன்னும் சுட்டது, மறுபடி தூக்கிக்கொண்டார். "சித்தப்பா, நீங்க சும்மாதான இருக்கீங்க" என்றேன், "பையெல்லாம் பாத்துக்கோங்க. ஒரு சுத்து போயிட்டு வந்துருதோம்." கதவு மூடி நாங்கள் மேலே எழும்பியபோது, வரிசையில் மஞ்சள் சுடிதார் முழங்கையை உயர்த்திக் கணவரை இடித்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் கால்களைப் பார்த்தாள்.